வைக்காமல் போட்ட மூட்டை

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வீட்டிலும் வேலையிலும் தெருவிலும் அவர் தராசு. ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் பழம் வெட்டும் வேலை சின்ன வயதிலேயே அவர் தலையில் விழுந்தது. வெட்டியவன் கடைசித் துண்டைத்தான் எடுக்க வேண்டும் என்று அவராகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். "வந்துட்டாருடா தராசு" என்று அண்ணன் கேலி செய்யப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது. கேலி செய்தவனுக்கு ஒரு வாரத்தில் மறந்துபோயிருக்கும். இவருக்குத்தான் அந்தப் பெயர் பிடித்துப்போய்விட்டது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

வளர்ந்தபின் அமைந்த வேலையும் அதற்கேற்ற வேலையாகவே இருந்தது. கிரேன்களுக்கு எடை ஏற்றிப் பார்த்து, இது தாங்கும், இது தாங்காது என்று சொல்லும் வேலை. இரும்புக் கட்டிகளைக் கொக்கியில் மாட்டி, அங்குலம் அங்குலமாகத் தூக்கச் சொல்லி, சங்கிலி முனகுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். மைத்துனர் ஓட்டிய கிரேனையே ஒருமுறை தேறாது என்று நிறுத்திவிட்டார். மைத்துனர் இரண்டு வருஷம் பேசவில்லை. "பேசாட்டி போறான், யாரும் சாகலை இல்ல" என்றார் இவர். அவர் சொன்னது நியாயம்தான், ஆனால் அதை ஒரு கல்யாண வீட்டில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருக்க வேண்டாம்.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு மந்திரம். "லோடை வெக்கணும், போடக் கூடாது." வைத்தால் எடை, போட்டால் அடி. நிற்கிற எடையைத் தாங்கும் கொக்கி, ஒரு சாண் உயரத்திலிருந்து விழுகிற அதே எடையில் முறியும். இது புரியாதவர்களை அவர் கிரேன் முற்றத்தில் நிற்கவைத்துக் காய்ச்சி எடுப்பார்.

நியாயம் வெளியில் இருக்கும்வரை சரி. வீட்டுக்குள் வந்தபோது அது ஒரே பக்கமாகச் சாய்ந்தது. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் இவர் கடிகாரம் பிடித்த வருஷம், மகளும் இன்னொரு பெண்ணும் ஒன்றாகக் கோட்டைத் தொட்டார்கள். மகளுக்கு இரண்டாவது இடம் என்றார். சந்தேகம் வந்தால் நம் பிள்ளைதான் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்கள். இவர் வீட்டில் மகள் எதைத் தொட்டாலும் பொன்குடம்தான்.

அந்த மகளுக்குப் பத்து வயதில் கட்டைப் பைத்தியம் பிடித்தது. ஒன்றின் முதுகுக் குமிழ் இன்னொன்றின் வயிற்றில் போய் உட்காருமே, அந்தப் பிளாஸ்டிக் கட்டைகள். நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் ஒரு டீச்சர் வகுப்பு நடத்தினார். மூன்று மூன்று பேராகக் குழு. ஒருத்தர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், கட்டையைத் தொடக் கூடாது. ஒருத்தர் பெட்டியில் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். மூன்றாமவர்தான் பொருத்துவார், ஆனால் வரைபடத்தைப் பார்க்கக் கூடாது. டீச்சர் மணி அடித்தால் வேலை கைமாறும். இரண்டு வாரம் சண்டையும் அழுகையுமாக இருந்தது. அப்புறம் பிள்ளைகள் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். பெரியவர்களுக்கும் ஒரு மணி வாங்கி மாட்டலாம் என்று டீச்சர் சொல்வார்.

மகளின் குழுவில் ஒரு பையன், குரல் பெரிது, அதனால் மைக். இன்னொருத்தி உருவத்தில் சிறியவள், சுண்டு. சுண்டுவின் அம்மா தையல் கடையில் வேலை பார்ப்பவர். சுண்டு அதிகம் பேசமாட்டாள். பொருத்தும் முறை வந்தால் மட்டும் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள்.

வருஷக் கடைசியில் பாலப் போட்டி. இரண்டு மேஜைக்கு நடுவே கட்டைகளாலேயே பாலம், நடுவில் ஒரு வாளி தொங்கும், வாளிக்குள் மணல் மூட்டைகள் ஏறும். எது அதிகம் தாங்குகிறதோ அது ஜெயித்ததாகக் கணக்கு. நடுவராக யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"உங்க பொண்ணு டீமும் இருக்கே சார், பரவாயில்லையா?" என்று டீச்சர் கேட்டார்.

"அதனாலதான் நான் வரேன்" என்றார் தராசு. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதும் நியாயம்தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்று மற்றக் குழுக்களின் பாலங்களுக்கு அவர் மூட்டை வைத்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். உள்ளங்கையில் ஏந்தி, வாளியின் அடியில் தொட வைத்து, மெல்லக் கையை உருவினார். தூங்கும் குழந்தையைக்கூட அப்படிக் கிடத்த முடியாது. மகளின் குழு கடைசி. முதல் சில மூட்டைகளையும் அப்படித்தான் வைத்தார். பாலம் அசையவில்லை. இன்னும் இரண்டு தாங்கினால் அவர்களுக்குத்தான் முதலிடம்.

அப்போது பின்வரிசையில் ஒரு தகப்பன் பக்கத்து ஆளிடம் சொன்னான். "தராசு பொண்ணு டீம்ப்பா. முள்ளு எந்தப் பக்கம் சாயுதுன்னு இனிமே பாரு."

சிரித்தார்கள். பெரிய சிரிப்புகூட இல்லை. ஆனால் தராசுவுக்குக் காது மடல் சுட்டது. முப்பது வருஷமாகச் சேர்த்த பெயர் அந்த ஒரு சிரிப்பில் கரைவதுபோல இருந்தது. யாரைப் பார்த்து என்ன சொல்கிறாய் என்ற கோபத்தில் அடுத்த மூட்டையை எடுத்தார். எடுத்த கை வாளிக்குள் இறங்கவில்லை. வாளியின் விளிம்புக்கு மேலேயே விரல்கள் விரிந்தன. மூட்டை விழுந்தது.

பாலம் நடுவில் பிளந்தது. கட்டைகள் தரையெல்லாம் சிதறின.

போட்டுவிட்டோம் என்று அந்த நொடியிலேயே அவருக்குத் தெரியும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, அவர் தொழிலே அது. ஆனால் பாலம் உடைந்ததும் ஏன் உடைந்தது என்று நடுவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்பது டீச்சர் வைத்திருந்த வழக்கம். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்வார்கள். எல்லார் முகமும் இவர் பக்கம் திரும்பியிருந்தது.

"நடு இணைப்புல பலம் இல்ல. கட்டைய நல்லா அழுத்திப் பொருத்தல" என்றார்.

மணி அடிக்க அடிக்கக் கை மாறிக் கட்டியதால், நடு இணைப்பு யாருடைய கை என்று குழுவில் மூவருக்கும் தெரியும். மைக் சுண்டுவைப் பார்த்தான். சுண்டு தன் கையைப் பார்த்தாள். பின்வரிசையில் சிரித்த அதே தகப்பன் எழுந்து வந்து, "தப்பா நெனச்சிட்டேன் சார். சொந்தப் பொண்ணுன்னும் பார்க்காம சொன்னீங்களே" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். தராசு அந்தக் கையை உதறவில்லை. வாங்கிக்கொண்டார். பின்னாளில் அவரை அதிகம் கூசவைத்தது மூட்டையைப் போட்டதுகூட இல்லை. அந்தக் கைகுலுக்கல் ஒரு கணம் தித்தித்ததுதான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மைக்கும் கூட வந்தான். "சுண்டுதான் சரியா அழுத்தல. மாமாவே சொல்லிட்டாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான்.

மகள் தரையைப் பார்த்து நடந்தாள். கொஞ்ச தூரம் போனபின், "ஆமா. அவதான்" என்றாள்.

அவருடைய மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பவர். பல் வலியோடு வருகிறவர்களின் பொய்களையெல்லாம் கேட்டுக் கேட்டு, முகத்தைப் பார்த்தே பாதி கண்டுபிடித்துவிடுவார். அன்று நடந்ததைக் கேட்டுவிட்டு, "உங்க நியாயத்துக்கு எப்பவும் நம்ம வீடுதான் வரி கட்டுது" என்றார். கூடவே, "ஏங்க, மெதுவாத்தான வெச்சீங்க?" என்றும் கேட்டார்.

"பின்ன?" என்றார் தராசு. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. இதுவரை அவர் வீட்டுக்குள் அப்படி ஒரு சொல் வந்ததில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை கிரேன் முற்றத்தில் ஓர் ஆபரேட்டர் இரும்புக் கட்டியைத் தொப்பென்று இறக்கினார். வருஷக்கணக்கில் பழகிய ஆள், பழக்கத்தினால் வந்த அலட்சியம். சுற்றி நின்றவர்கள் தராசுவின் வாயைப் பார்த்தார்கள். மந்திரம் வரப்போகிறது, ஆளைக் காய்ச்சப்போகிறார். அவர் வாயைத் திறந்தார், மூடினார். "இன்னொரு தடவை தூக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விட்டார். உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அதுவும் வசதியாகப் போயிற்று.

அந்தச் சனிக்கிழமை மகளைக் கூட்டிவர நூலக மாடிக்குச் சீக்கிரமே போனார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். டீச்சர் மணி அடித்தார். சுண்டு பொருத்தும் முறை. அவள் எழுந்து மைக்கிடம் நகர்ந்தாள்.

"நீயே வெச்சிடு. நான் வெச்சா உடைஞ்சிடும்."

மைக் சந்தோஷமாக வைத்தான். பிள்ளைதானே, இரட்டை முறை கிடைத்தால் வேண்டாம் என்பானா. டீச்சர் தராசுவை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், அந்தக் குழந்தைகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க சொன்னா கேப்பா."

டீச்சர் சுண்டுவை அங்கே அனுப்பிவைத்தார். சொல்வதற்கு இதைவிட நல்ல சமயம் இனி வராது. பக்கத்தில் யாருமில்லை, குழந்தையும் அவரும் மட்டும். உண்மை நாக்கின் நுனிவரை வந்தது. வெளியே வந்தது வேறு. "அடுத்த தடவை நல்லா அழுத்தி வெச்சா சரியாப் போயிடும்மா" என்றார்.

"சரி மாமா" என்றாள் சுண்டு. நன்றிகூடச் சொன்னாள்.

படியிறங்கும்போது அவருக்குத் தன் மீதே அருவருப்பாக இருந்தது. பத்து வயதுக் குழந்தையின் தலையில் தன் பழியை இறக்கி வைத்துவிட்டு, அதற்கு மேலே அறிவுரையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்தார். வைத்ததென்ன, அதையும் போட்டுத்தான் இருக்கிறோம்.

அடுத்த சனிக்கிழமை சுண்டு வந்தாள், ஆனால் அம்மாவோடு வந்தாள். வகுப்பிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போன கட்டைப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்கள். மற்றப் பெற்றோர் சிலரும் அங்கே நின்றிருந்தார்கள்.

"அவளுக்கு இது வேணாமாம் டீச்சர்" என்றார் சுண்டுவின் அம்மா. "கட்டைன்னு இல்ல, எதையும் கையில வாங்க மாட்டேங்கறா. தண்ணி டம்ளர் குடுத்தாக்கூட, நீயே புடிச்சுக்கம்மா, நான் போட்டுடுவேன்ங்கறா. என்னன்னே புரியல."

போட்டுடுவேன். அதற்குமேல் தராசுவால் சும்மா நிற்க முடியவில்லை.

"டீச்சர், அந்தப் பாலத்தை இன்னொரு தடவை கட்டச் சொல்லுங்க. அதே மூணு பேர். நடு இணைப்பு சுண்டுதான் வெக்கணும். நான் ஒண்ணு காட்டணும்."

அவர் போட்ட கணக்கு இது. முதலில் மூட்டைகளை மெல்ல வைப்பது, பாலம் நிற்கும். அப்புறம் அன்று போட்டதுபோலவே போடுவது, பாலம் உடையும். வித்தியாசத்தை எல்லாரும் கண்ணால் பார்ப்பார்கள், வாயால் பெரிதாக எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. மானத்தோடு தப்பிக்க ஒரு சந்து.

பிள்ளைகள் கட்டினார்கள். மணி அடித்தது, கைகள் மாறின. சுண்டு வரமாட்டேன் என்றாள். அம்மா தோளைத் தட்டியபின் வந்தாள். ஒவ்வொரு கட்டையையும் கட்டைவிரல் வெளுத்துப்போகும்வரை அழுத்தினாள். தராசு மூட்டைகளை வைத்தார். பாலம் நின்றது. கடைசி மூட்டையை வாளிக்கு மேலே பிடித்து விரலை விட்டார். பாலம் குலுங்கியது, உடையவில்லை. இன்னொரு முறை போட்டார். அப்போதும் உடையவில்லை. முப்பது வருஷம் வைத்தே பழகிய கை அது. அன்று கோபம் போடவைத்தது. இன்று கோபம் இல்லை, போட நினைத்தாலும் கை பாதி வழி கூடவே இறங்கியது.

"பாருங்க மாமா, இப்ப நல்லா அழுத்திட்டா. அதான் நிக்குது" என்றான் மைக். "நீங்க சொன்னதுதான் கரெக்ட்."

எல்லாரும் கைதட்டினார்கள். சோதனை அவருடைய பொய்யையே நிஜமாக்கிவிட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. இனி அவரிடம் மூட்டை இல்லை, வாளி இல்லை, வாய் மட்டும்தான் மிச்சம்.

"இல்ல" என்றார். "அன்னைக்கு நான் வெக்கல, போட்டேன். கோவத்துல போட்டேன். பாலத்துல ஒரு குறையும் இல்ல. சுண்டு சரியாத்தான் வெச்சிருந்தா. தப்பு என்னுது. அதை மறைக்க, குழந்தை மேல சொன்னேன்."

சுண்டுவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ரொம்ப நன்றி சார். யார் இப்படிச் செய்வாங்க, குழந்தை மனசு ஆறணும்னு பழியை இழுத்துத் தன் மேல போட்டுக்கிறீங்க."

"தராசுன்னா சும்மாவா" என்றார் அந்தத் தகப்பன்.

"நெஜமாத்தாங்க சொல்றேன்" என்றார் தராசு. அவர்கள் தலையாட்டினார்கள், சிரித்தார்கள், புரிகிறது புரிகிறது என்றார்கள். சேர்த்து வைத்த பெயர் அப்படி. குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் பெருந்தன்மை என்று வரவில்தான் எழுதிக்கொள்கிறார்கள். பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று இருந்தது அவருக்கு. ஆனால் சுண்டு சிரிக்கவில்லை. நிஜமா பொய்யா என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பெரியவர்கள் தன்னைச் சமாதானப்படுத்துகிறார்கள் என்றால், உடைத்தது தான்தான் என்று ஆகிவிடுமே.

அப்போது மகள் எழுந்தாள்.

"அப்பா சொல்றது நெஜம்" என்றாள். "கை வாளிக்கு மேலயே இருந்துச்சு. நான் எதிர்லதான் நின்னேன். பார்த்தேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. சுண்டுவின் அம்மாவின் முகம் மெல்ல மாறுவதைத் தராசு பார்த்தார். அதைத் தாங்கிக்கொள்ளலாம். அது அவருக்கு வரவேண்டியதுதான். ஆனால் சுண்டு அவர் பக்கம் திரும்பவில்லை. தோழியிடம் திரும்பினாள்.

"நீ பார்த்தியா?"

மகள் தலையசைத்தாள்.

"அப்புறம் ஏன் நீயும் நான்தான்னு சொன்ன? மைக் சொன்னான், நீயும் சொன்னியாமே."

மகளின் தலை குனிந்தது. முகம் சிவந்து, காது மடல்வரை சிவந்தது. இந்த இரண்டு வாரமாகத் தான் ஒருவன்தான் சுமக்கிறோம் என்று தராசு நினைத்திருந்தார். அவள் அதே வீட்டில், அதே சாப்பாட்டு மேஜையில், இதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாருக்குச் சந்தேகம் வந்தாலும் விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். இவள் தோழியையே விட்டுக்கொடுத்துவிட்டாள், அதுவும் அவருக்காக.

"அப்பா மாட்டிக்கக் கூடாதுன்னு" என்றாள் மகள், கேட்கும் கேட்காததுமாக.

சுண்டு அழவில்லை, கோபப்படவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேட்பதுபோலக் கேட்டாள்.

"நான் மாட்டிக்கிட்டா பரவால்லையா?"

தராசு ஓர் அடி முன்னால் வந்தார். "அம்மாடி, அது என்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி. அவளை விட்டுடு."

"உங்ககிட்டயும்தான் மாமா கேக்கறேன்" என்றாள் சுண்டு.

அவர் மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவள் தலை நிமிரவில்லை, அவர் தலையும் நிமிரவில்லை. சுண்டு பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.